ஆறடி நான்கு அங்குலமும் ஒரு பழைய எம்.ஜி.பி.யும்

அந்த எம்.ஜி. மிட்ஜெட் என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் காருக்குள் நான் நுழைவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்தது. வெளியே வருவதற்கு அதைப்போல் இரண்டு மடங்கு பிடித்தது. விற்க வந்தவர் மிகவும் பொறுமைசாலி. முதலில் பின்புறத்தைச் சீட்டில் இறக்குங்கள், பிறகு இடது காலை ஸ்டீயரிங்குக்கு அடியில் நீட்டுங்கள், கடைசியாக வலது காலை மடக்கி உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்தார். சொன்னபடியெல்லாம் செய்து முடித்தபோது என் வலது முழங்கால் ஸ்டீயரிங்குக்கும் கதவுக்கும் நடுவில் ஆப்பு அடித்ததுபோல் சிக்கிக்கொண்டிருந்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குக் காலை மாற்றிப் பார்த்தேன்; முழங்கால் ஸ்டீயரிங்கையும் சேர்த்துத் திருப்பியது. சாலையோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, “என்னங்க, மடக்கு நாற்காலியை மடக்கத் தெரியாம பொட்டிக்குள்ள திணிக்கிற மாதிரி இருக்கு” என்றாள்.

என் உயரம் ஆறடி நான்கு அங்குலம், அதாவது 193 சென்டிமீட்டர். பள்ளிக்கூடத்தில் பனைமரம் என்று கூப்பிட்டார்கள். டவுன் பஸ்ஸில் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தபடியே கல்லூரிப் படிப்பை முடித்தேன். ஆகவே இடம் போதாமை எனக்குப் புதிதல்ல. ஆனால் இந்த முறை யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஐம்பதை நெருங்கும் வயதில், நானாகவே ஆசைப்பட்டு, சேமிப்பிலிருந்து ஒரு தொகையை ஒதுக்கி, கூரை திறக்கும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தேடிப் புறப்பட்டிருந்தேன். நாங்கள் குடியிருப்பது ஆக்ஸ்ஃபர்டுஷயரில் உள்ள டிட்காட். அங்கிருந்து கால் மணி நேரம் காரில் போனால் ஆபிங்டன் வரும். 1929 முதல் 1980 அக்டோபர் வரை எம்.ஜி. கார்கள் செய்யப்பட்ட ஊர் அது. கோடை வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தச் சின்னக் கார்கள் எங்கள் தெரு வழியாக உறுமிக்கொண்டு போகும். பதினைந்து வருடங்கள் அவற்றைச் சன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு ஒரு நாள் பொறுமை தீர்ந்துபோயிற்று. இதைத் தவிர வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

மிட்ஜெட்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரமே 80 அங்குலம்தான். நான் 76 அங்குலம். நான்கு அங்குல வித்தியாசத்தில் இருக்கும் இரண்டு பொருள்களில் ஒன்றை மற்றொன்றுக்குள் புகுத்திவிட்டு, அது நகரவும் வேண்டும் என்று எதிர்பார்த்தது என் தவறுதான்.

அன்று வீட்டுக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் காரியம், சுவரில் முதுகை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, தலைக்கு மேல் ஒரு புத்தகத்தை வைத்து, உட்கார்ந்த உயரத்தை அளந்ததாகும். 101 சென்டிமீட்டர் வந்தது. என்னைவிட ஒரு அங்குலமே குட்டையான என் சித்தப்பா மகனைத் தொலைபேசியில் அழைத்து, அவனையும் அளக்கச் சொன்னேன். அவனுக்கு 96 தான் வந்தது. அவன் உயரமெல்லாம் காலில் இருக்கிறது, என் உயரம் முதுகில் இருக்கிறது. நெடியவர்களுக்கு ஏற்ற கார் எது என்று கேட்டால், ஆறடி மூன்றங்குலக்காரர் ஒருவர் இந்தக் கார் எனக்குப் பொருந்துகிறது என்று சொல்வார். ஆனால் அவர் என் சித்தப்பா மகனைப் போன்றவரா, என்னைப் போன்றவரா என்பதைச் சொல்லமாட்டார். கால் நீளமானவனுக்குப் பெடல்களும் ஸ்டீயரிங்கும் தொல்லை கொடுக்கும். முதுகு நீளமானவனுக்குத் தொல்லை வேறு இடத்திலிருந்து வரும் என்பதை இரண்டாவதாகப் பார்த்த கார் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

அது 1970களின் நடுப்பகுதியில் செய்யப்பட்ட ஒரு ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர். இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலொட்டி வரைந்த வடிவம் அது. 1962 முதல் 1980 வரை வெளிவந்தது. அதன் முன்பக்கம் முழுவதும், பானட்டும் இரு பக்க மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். திறந்து வைத்தால் முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினைப் பார்க்கலாம். பழைய கார்களில் கை வைக்க ஆசைப்படுபவனுக்கு இதைவிட மயக்கம் தரும் காட்சி வேறில்லை. மேலும் ஆச்சரியமாக, கால்களும் நன்றாகவே நீண்டன. நானும் இதுதான் என் கார் என்று மனத்துக்குள் பெயர் எழுதிவிட்டு, உரிமையாளரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டேன்.

கூரையே இல்லாத காரில் தலை இடிக்குமா என்று நண்பர்கள் இன்றும் கேட்கிறார்கள். தலை இடிப்பதில்லை, கண் இடிக்கிறது. முன் கண்ணாடிக்கு மேலே ஓடும் உலோகச் சட்டம் என் புருவத்துக்கு நேராக வந்து நின்றது. சட்டத்துக்குக் கீழே பார்த்தால் சாலை தெரிந்தது, மேலே பார்த்தால் வானம் தெரிந்தது, இரண்டுக்கும் நடுவில் எது தெரிய வேண்டுமோ அது தெரியவில்லை. முதல் சிக்னலில் வண்டியை நிறுத்தியபோது சிவப்பு விளக்கு அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கோயில் கர்ப்பக்கிருகத்தை எட்டிப் பார்ப்பவனைப்போல் குனிந்து பார்த்தேன், பிறகு கழுத்தை நீட்டிச் சட்டத்துக்கு மேலாகவும் பார்த்தேன். பின்னால் நின்ற வேன்காரர் ஹாரன் அடித்தபோதுதான் பச்சை விழுந்திருப்பது தெரிந்தது. திரும்பி வரும் வழியில் தூறல் தொடங்கியதால் துணிக் கூரையை இழுத்து மூடினோம். மூடிய பிறகு என் தலை அந்தத் துணியை உள்ளிருந்து முட்டிக்கொண்டிருந்தது. என் மனைவி பின்னால் எங்கள் வீட்டுக் காரில் வந்தாள். கூரையில் ஒரு புடைப்பு எழுந்து, அது மேடுபள்ளங்களுக்கு ஏற்ப ஆடிக்கொண்டே போனதாகச் சொன்னாள்.

இந்தப் புடைப்புக்கு ஒரு கௌரவமான முன்னோடி உண்டு என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1967இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்காக ஃபோர்டு செய்த மார்க் 4 காரில், நெடிய அமெரிக்க ஓட்டுநரான டான் கர்னியின் தலைக்கவசம் கூரையில் இடித்ததால், அவர் தலைக்கு மேலே கூரையில் ஒரு குமிழ் எழுப்பிக் கொடுத்தார்கள். அந்தக் குமிழ் வைத்த காரிலேயே அவரும் ஏ.ஜே. ஃபாய்ட்டும் பந்தயத்தை வென்றார்கள். ஜாகுவார் இ-டைப்பிலும் இதுபோல ஒன்று நடந்தது; 1961இல் வந்த முதல் கார்களின் தரை தட்டையாக இருந்து கால் வைக்க இடம் போதாததால், அடுத்த ஆண்டிலேயே தரையைப் பள்ளமாக அமைத்துக் கொடுத்தார்கள். அந்தத் தட்டைத் தரைக் கார்களுக்குத்தான் இன்று விலை அதிகம். இரண்டுமே என் பட்ஜெட்டுக்கு எட்டாதவை என்பதால் இந்தப் பேச்சை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

எம்.ஜி.யின் இன்னொரு மாடலான எம்.ஜி.பி.யை நான் முதலிலேயே பார்க்காமல் விட்டதற்கு, அது எல்லாரும் வாங்கும் கார் என்ற அசட்டு இளக்காரம்தான் காரணம். 1962 முதல் 1980 வரை, கூரை போட்ட ஜி.டி. வகையையும் சேர்த்து, ஐந்து லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். ஆனால் நெடியவனுக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. இதற்கு முந்தைய எம்.ஜி.ஏ. காரில் தனியாக ஒரு சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், இருந்து, அதன்மேல் உடல் உட்கார்ந்திருந்தது. எம்.ஜி.பி.யில் தனிச் சேஸிஸ் கிடையாது. உடலே சேஸிஸாகவும் இருக்கிறது. அதனால் அச்சுகளின் இடைவெளி 94 அங்குலத்திலிருந்து 91 அங்குலமாகக் குறைந்தும்கூட உள்ளே இடம் கூடிவிட்டது. சீட்டுக்குப் பின்னால் சாமான் வைக்கும் திறந்த மேடை இருப்பதால் சீட்டும் நன்றாகப் பின்னுக்குத் தள்ளிப் போகும். காலுக்கு இவ்வளவு இடம் இருப்பதால் முதுகைச் சற்றுப் பின்னே சாய்த்து உட்காரலாம். அப்படிச் சாய்ந்தால் தலை இரண்டு அங்குலம் தாழ்கிறது. தலை தாழ்ந்தால் கண் சட்டத்துக்குக் கீழே வருகிறது. என்னைப் போன்ற முதுகு நீளமானவனுக்கும் கால் வைக்கும் இடம்தான் முக்கியம் என்பது எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

முதலில் பார்த்த எம்.ஜி.பி. கண்ணைப் பறித்தது. சிவப்பு நிறம், பளபளக்கும் குரோம் பம்பர், கம்பி வளையங்கள் கொண்ட சக்கரங்கள். உட்கார்ந்து பார்த்தேன், பொருந்தியது. ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. விலையும் என் கைக்கு எட்டியது. அந்த இடத்திலேயே முன்பணம் கொடுக்கப் போனவனைத் தடுத்தது, வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்த ஒரு சின்னக் காந்தம்.

எம்.ஜி.பி.யின் கதவுகளுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை இரு பக்கமும் ஓடும் பெட்டி போன்ற பகுதியைச் சில் என்பார்கள். கூரை போட்ட காரில் கூரையும் தூண்களும் சேர்ந்து உடலைத் தாங்கும். கூரை இல்லாத காரில் இந்தச் சில்லும், இரண்டு சீட்டுகளுக்கும் நடுவில் தரையில் மேடாக ஓடும் சுரங்கம் போன்ற பகுதியும்தான் காரை இரண்டாக மடங்காமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சில் என்பது ஒரே தகடல்ல. வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவில் ஒரு தகடு, அடியில் கோட்டை மதில்போல் பள்ளம் பள்ளமாக வெட்டிய ஒரு தண்டவாளம் என்று அடுக்கடுக்காக இருக்கும். இங்கே குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் இந்த அடுக்குகளுக்குள் புகுந்து உட்கார்ந்தால் துரு உள்ளிருந்து தின்று வரும். வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே தகடு அப்பளமாகியிருக்கும்.

சிவப்புக் காரின் சில்லில் காந்தத்தை ஒட்டிக்கொண்டே வந்தேன். முன்பக்கம் ஒட்டியது, நடுவில் ஒட்டியது, பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் காந்தம் வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. தட்டிப் பார்த்தால் தகரத்தின் ஓசை இல்லை, சுவரைத் தட்டிய மந்தமான ஓசை வந்தது. அங்கே இரும்பே இல்லை. பட்டி பூசித் தேய்த்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஜாக்கி வைத்து அந்தப் பக்கத்தைத் தூக்கிக் கதவைத் திறந்து மூடலாமா என்று கேட்டேன். சில் உறுதியாக இருந்தால் தூக்கிய பிறகும் கதவு முன்போலவே திறந்து மூடும். இற்றுப்போயிருந்தால் உடல் வளைந்து கதவின் விளிம்பு உரசும். விற்பவர் ஜாக்கி வீட்டில் இல்லை என்றார். என் காரிலிருந்த ஜாக்கியை எடுத்து வருகிறேன் என்றேன். இந்த விலைக்கு இவ்வளவு சோதனை எதற்கு என்று அவர் கேட்டார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கு முன்பு யாரோ பூசிய பட்டியாகவும் இருக்கலாம். ஆனால் சில்லை முறையாக வெட்டி எடுத்து வெல்டிங் செய்வது சில்லறை வேலையல்ல. காரைச் சரியான இடங்களில் முட்டுக்கொடுத்து நிறுத்தாமல் சில்லை அறுத்தால், உடல் நடுவில் தொய்ந்த நிலையிலேயே புதுத் தகடு ஏறிவிடும். அதன்பிறகு கதவு எந்தக் காலத்திலும் சரியாக மூடாது. 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் பழைய அச்சுகளைக் கொண்டே புத்தம் புதிய முழு உடல்களைச் செய்து விற்கிறது என்றால், இந்தக் காரில் எஞ்சினைவிட உடலுக்குத்தான் ஆயுள் குறைவு என்பதை நாமே விளங்கிக்கொள்ளலாம்.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1798 சி.சி., இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்கள், இரும்பு வார்ப்பு. முரட்டு மாடுபோல் உழைக்கும். சூடேறிய பிறகு ஓடும்போது எண்ணெய் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டுக்கு மேல் நின்றால் போதும். உதிரி பாகம் எல்லாமே கிடைக்கிறது, விலையும் நியாயம்தான். காரைப் பார்க்கப் போகிறவர்கள் பானட்டைத் திறந்து எஞ்சின் முன்னால் அரை மணி நேரம் நிற்கிறார்கள். அந்த அரை மணி நேரத்தைக் காரின் அடியில் படுத்துச் செலவிட வேண்டும் என்பது என் கருத்து.

மூன்று மாதம் கழித்து, கிளஸ்டர்ஷயரில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தன் 1972 எம்.ஜி.பி.யை விற்கிறார் என்று தெரிந்து போனோம். நிறத்தை அவர்கள் அறுவடைப் பொன் என்கிறார்கள். என் கண்ணுக்கு அது அச்சு அசல் பலாச்சுளை நிறம். பெரியவர் என் தோள் உயரம்கூட இருக்கமாட்டார். கராஜ் கதவைத் திறந்தவர் என்னை மேலிருந்து கீழாக, அல்ல, கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்துவிட்டு, “ஐயோ” என்ற பொருளில் ஏதோ சொன்னார்.

அவர் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது. முப்பது ஆண்டுகளாக அவர் ஒருவரே ஓட்டிய கார் அது. சீட்டு முழுவதும் முன்னுக்கு இழுக்கப்பட்ட நிலையில், அடியிலுள்ள தண்டவாளத்தோடு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. பின்னுக்குத் தள்ளும் நெம்புகோலை அவர் இழுத்தார், நான் இழுத்தேன், இருவரும் சேர்ந்து இழுத்தோம், அசையவில்லை. வந்த பயணம் வீண் என்றே நினைத்தேன். பெரியவர் நிதானமாக உள்ளே போய் ஒரு எண்ணெய் டப்பாவும் ஒரு மரச்சுத்தியும் எடுத்து வந்தார். தண்டவாளத்தில் எண்ணெயை விட்டு ஊறவைத்துவிட்டு, எங்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். அது ஊறிய முக்கால் மணி நேரத்தில் நான் காரின் அடியில் படுத்து, டார்ச் அடித்து, சில்லின் கோட்டைப் பள்ளங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினேன். காந்தம் ஓர் இடத்திலும் விழவில்லை. ஜாக்கியை அவரே எடுத்துக் கொடுத்தார். தூக்கிய நிலையில் கதவு நிதானமாக மூடியது. சீட்டுகளுக்குப் பின்னால் மூடியைத் திறந்து பேட்டரிகளையும் பார்த்தேன். அந்தக் காலத்து எம்.ஜி.பி.யில் ஆறு வோல்ட் பேட்டரிகள் இரண்டு, பின் அச்சுக்கு முன்னால் இரு பக்கமும் தொட்டில்களில் தொங்கும். அந்தத் தொட்டில்களும் துருவுக்குப் பிடித்த இடங்கள். அவையும் சுத்தமாக இருந்தன.

தேநீர் முடிந்ததும் மரச்சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டி, நாங்கள் இருவரும் தம் பிடித்துத் தள்ளினோம். சீட்டு ஒரு கிறீச்சொலியோடு கடைசி வரை பின்னுக்குப் போயிற்று. அதன் அடியிலிருந்து பவுண்டு நோட்டு ஒன்று வெளிப்பட்டது. பவுண்டு நோட்டை இங்கிலாந்து வங்கி திரும்பப் பெற்றதே 1988இல். அந்தச் சீட்டு எவ்வளவு காலமாக அசையவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று தேவைப்படவில்லை.

உட்கார்ந்தேன். கால்கள் நீண்டன. முழங்கால் ஸ்டீயரிங்கைத் தொட்டது, ஆனால் முட்டவில்லை. கண்ணாடிச் சட்டம் புருவத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. இந்த முறை முன்யோசனையாகக் கூரையை மூடச் சொல்லி, மூடிய நிலையில் கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். தலைமயிர் துணியைத் தொட்டது, தலை தொடவில்லை. எஞ்சினின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியரான ஓவர்டிரைவும் வேலை செய்தது. நெடுஞ்சாலையில் போக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மணிக்கு 70 மைல் வேகத்தில் சாதாரண நான்காம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,900 முறை சுழலும். ஓவர்டிரைவைப் போட்டால் 3,200க்கு இறங்கிவிடும். காதுக்கு அந்த வித்தியாசம் பெரியது. 9,200 பவுண்டு கொடுத்து வாங்கினேன். பவுண்டு நோட்டைப் பெரியவரிடம் நீட்டினேன். அது காரோடு சேர்ந்தது என்று சொல்லிவிட்டார்.

அடுத்தது என் முட்டாள்தனம். சீட்டின் தோலுறை கிழிந்து, உட்காரும் இடம் தொய்ந்திருந்ததால், வாங்கிய கையோடு இரண்டு சீட்டுகளையும் கழற்றி, புது உறையும் புது நுரைப் பஞ்சும் போடக் கொடுத்தேன். அந்தக் காலத்துச் சீட்டில் பஞ்சுக்கு அடியில் கொக்கிகளால் இழுத்துக் கட்டிய ஒரு ரப்பர் விரிப்பு உண்டு. ஐம்பது வருடத்தில் அது தளர்ந்துபோயிருந்தது, அதையும் மாற்றினார்கள். மிக நேர்த்தியான வேலை. புதுச் சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது கண்ணாடிச் சட்டம் நேராக என் கண்ணில் அடித்தது. புது ரப்பரும் புதுப் பஞ்சும் சேர்ந்து என்னை ஒன்றரை அங்குலம் தூக்கி வைத்திருந்தன. நான் அந்தக் காரில் பொருந்தியதற்குக் காரணம் காரின் வடிவம் மட்டுமல்ல, பெரியவர் முப்பது வருடம் உட்கார்ந்து அமுக்கிய பள்ளமும்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. பழைய காரில் உட்கார்ந்து பார்க்கும் நெடியவர்கள் சீட்டின் பஞ்சை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். தொய்ந்த சீட்டு நம்மிடம் இல்லாத இடத்தை இருப்பதாகக் காட்டும்.

இந்த ஒன்றரை அங்குலத்தைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு மாதம் ஆயிற்று. எம்.ஜி.பி.யின் சீட்டுத் தண்டவாளத்துக்கும் தரைக்கும் நடுவில் மரச்சட்டங்கள் வைத்திருப்பார்கள். அவற்றை எடுத்துவிட்டு, மெல்லிய உலோக வளையங்களை மட்டும் கொடுத்து, நீளம் குறைந்த போல்ட்டுகளால் முடுக்கினேன். அரை அங்குலத்துக்கு மேல் கிடைத்தது. மீதியைப் பஞ்சில் எடுத்தேன். மின்சார ரொட்டிக் கத்தியால் பஞ்சின் அடிப்பகுதியைச் சீவும்போது, தோசைக்கல்லில் அடிப்பிடித்ததைச் சுரண்டும் அதே முகபாவத்தோடு என் மனைவி நின்று பார்த்தாள். அது அவளுடைய கத்தி. பின்பக்கம் அதிகமாகவும் முன்பக்கம் குறைவாகவும் சீவினால் தொடைக்குத் தாங்கல் குறையாமல் இடுப்பு மட்டும் கீழே இறங்கும் என்பது இரண்டாவது முயற்சியில்தான் பிடிபட்டது. பிறகு அசல் ஸ்டீயரிங்கை எடுத்துப் பத்திரமாகக் கட்டி வைத்துவிட்டு, 14 அங்குல ஸ்டீயரிங் ஒன்றைப் பொருத்தினேன். முழங்காலுக்கு இடம் கிடைத்தது, வண்டியை நிறுத்தி எடுக்கும்போது கைக்குத்தான் கொஞ்சம் பாரம். முன் கண்ணாடியின் நடுவில் நிற்கும் கம்பியில்தான் பின்பக்கம் பார்க்கும் சிறு கண்ணாடி மாட்டியிருக்கும். பெரியவரின் கண் உயரத்தில் இருந்த அதைக் கம்பியிலேயே கீழே நகர்த்தினேன். முன்பு இடப்பக்கம் திரும்பும் சாலையையே மறைத்துக்கொண்டிருந்தது. என் செருப்புக்கடை அளவு பன்னிரண்டு. அகன்ற ஷூ போட்டால் பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து மிதிக்கும் அபாயம் இருப்பதால், அடி மெலிந்த ஒடுக்கமான ஷூ ஒன்றைக் காருக்கென்றே டிக்கியில் வைத்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் விளையாட்டாகச் சொல்ல முடியாது. என் தலை இப்போதும் கண்ணாடிச் சட்டத்தின் உயரத்துக்கு ஏறத்தாழ வந்துவிடுகிறது. கார் கவிழ்ந்தால் முதலில் தரையைத் தொடுவது அந்தச் சட்டமாக இருக்குமா என் தலையாக இருக்குமா என்ற கேள்விக்கு நல்ல பதில் கிடையாது. சீட் பெல்ட்டின் மேல் பிடிமானமும் என் தோளைவிடத் தாழ்வாக இருப்பதால், மோதலில் பெல்ட் தோளைக் கீழ்நோக்கி இழுத்து முதுகெலும்பை அழுத்தும். இதற்காகப் பின்னால் ஒரு வளைவுக் கம்பி பொருத்தி, பெல்ட்டின் பிடிமானத்தையும் சரியான உயரத்துக்கு மாற்றித் தரும்படி ஒரு பட்டறையில் சொல்லியிருக்கிறேன். தலைத்தாங்கி கொண்ட சீட்டுக்கு மாற வேண்டும் என்றும் அவர்கள் சொன்னார்கள். கார் பார்க்க அசலாக இருக்க வேண்டும் என்பவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

மற்றபடி பராமரிப்பு சுலபம்தான். முன் சக்கரங்கள் திரும்பும் கிங்பின்களுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். அதை மறந்தவர்கள் பின்னால் செலவழிக்கிறார்கள். இங்கே 2021 செப்டம்பர் முதல் சாதாரணப் பெட்ரோல் இ-10 ஆகிவிட்டது. அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும் என்பதால் விலை கூடின, எத்தனால் குறைந்த இ-5 தான் போடுகிறேன், குழாய்களையும் மாற்றிவிட்டேன். நாற்பது வயது கடந்த கார் என்பதால் சாலை வரி இல்லை, கட்டாய வருடாந்திரச் சோதனையும் இல்லை. ஆனாலும் வருடம் ஒருமுறை காசு கொடுத்துச் சோதித்துக்கொள்கிறேன், ஏனென்றால் அந்த பிரேக்கை நம்பி உட்காருகிறவன் நான். காற்றைப் பற்றிக் கேட்டால், கண்ணாடிக்கு மேலாக வரும் காற்று எல்லாருக்கும் தலைக்கு மேலே போகும், எனக்கு மட்டும் நெற்றியில் அறையும். அக்டோபரில் ஆபிங்டன் வரை ஒருமுறை கூரை திறந்து போனோம். என் மனைவி ஊட்டியில் வாங்கிய மங்கி குல்லாவைப் போட்டுக்கொண்டு வந்தாள். சிக்னலில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் காருக்குக் கையசைத்தார்களா குல்லாவுக்குக் கையசைத்தார்களா என்பது எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு.

போன மாதம் பெரியவர் மகள் வீட்டுக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். சாம்பார் சாதத்தை ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, காரை ஒருமுறை சுற்றி வந்தார். சில்லின் ஓரத்தைக் குனிந்து விரலால் தடவியும் பார்த்தார். ஓட்டிப் பாருங்கள் என்று சாவியைக் கொடுத்தேன். முகம் மலர்ந்து ஏறி உட்கார்ந்தவர், ஸ்டீயரிங்கின் வளையத்துக்கு நடுவால் சாலையைப் பார்த்தார். கிளட்ச்சுக்குக் காலை நீட்டினார், எட்டவில்லை. சீட்டை முன்னுக்கு இழுத்தோம். தண்டவாளம் இப்போது வழுவழுவென்று கடைசி வரை வந்தது, கால் எட்டியது, ஆனால் பானட் தெரியவில்லை. சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, தலையணை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். சீவி எடுத்த பஞ்சுத் துண்டுகளை என் மனைவி தூக்கிப் போடாமல் ஒரு பையில் கட்டி வைத்திருந்தாள். அதைக் கொண்டுவந்து கொடுத்தாள்.